துரைக்கு ஒன்று, கங்காணிக்கு ஐந்து

இணையப் பக்கத்தில் தலைப்புக்கு ஆறு படிகள் உண்டு. ஒன்றாம் தலைப்பு பக்கத்தின் பெயர். இரண்டாம் தலைப்பு அதற்குள் வரும் பிரிவு. பிரிவுக்குள் இன்னொரு பிரிவு வந்தால் அது மூன்று. இப்படியே ஆறு வரைக்கும் இறங்கலாம். இதைப் புரிந்துகொள்ள யாரும் பட்டம் படிக்க வேண்டியதில்லை. ஆனால் பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த ஆறையும் எழுத்தின் பருமன் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று பெரிசு, ஆறு பொடிசு. யார் எவ்வளவு பெரிய ஆளோ அவருக்கு அவ்வளவு பெரிய எழுத்து.

பண்டாரவளையில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குப் பக்கம் செய்து கொடுத்தார்கள். முதலாளியின் பெயர் ஒன்றாம் தலைப்பில், கெஸ்ட் ஹவுஸின் பெயர் மூன்றாம் தலைப்பில். பார்க்கிற வெள்ளைக்காரன் அந்த மனுஷனையே வாடகைக்கு விடுகிறார்கள் என்று நினைக்கப்போகிறான் என்றேன். சென்டர் நடத்தியவர் சிரிக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பதுளைக் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "காசு தாற ஆளின்ர பேர்தான் பிள்ளை பெரிசா வரவேணும்" என்று சொல்லிவிட்டு டீ வாங்க ஆள் அனுப்பினார்.

நான் பசறை ரோட்டில் ஒரு தோட்டத்துப் பிள்ளை. அப்பா ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி, அம்மா கொழுந்து பறிப்பவர். தொண்ணூறுகளில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்குப் பூப்போட்ட துணி போர்த்தி அதிபரின் அறையில் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் சந்தனப் பொட்டும் உண்டு. அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற வெறியில்தான் கணக்குப் பாடமே எடுத்தேன் என்று சொன்னாலும் பொய்யில்லை. கம்பஸில் சேர வேண்டிய வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறியது. வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. அடுத்த தீபாவளி வரைக்கும் பதுளைக்குப் போய் வரலாம், அதற்குள் நிரந்தரமாக ஒரு வேலை கிடைக்காவிட்டால் தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் ஆயா வேலைக்குச் சேர வேண்டும் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். கொழுந்துக்குப் போகிற பெண்கள் குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. அங்கே இருக்கிற ஆயாவின் இடம் காலியாகப்போகிறது என்று தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் அப்பாவின் காதில் போட்டு வைத்திருந்தார். அப்பாவுக்கு அது கௌரவமான வேலை. மலையில் நிற்க வேண்டாம், மழையில் நனைய வேண்டாம். எனக்கு அந்தக் கட்டடத்தின் பால்மா வாசனையே பிடிக்காது.

சென்டரில் காலையில் டைப்பிங் வகுப்பு எடுத்தேன். மத்தியானத்துக்கு மேல் ஆட்கள் குறைந்ததும் ஜாவா படித்தேன். பக்கங்களைக் கையால் எழுதி எழுதி அலுத்துப்போய், அவற்றை எழுதித் தரும் ஒரு புரோகிராம் செய்ய ஆரம்பித்தேன். ஒருநாள் தலைப்பு எண்ணை அவசரத்தில் ஏழு என்று அடித்துவிட்டேன். ஏழாம் தலைப்பு என்று உலகத்திலேயே கிடையாது. பிரவுசர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிட்டு எதையோ காட்டியது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பிழையென்றால் பிழை என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாமா?

அதற்காகத்தான் அந்த லைப்ரரியை எழுதினேன். வேறு புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்துகிற மாதிரி ஒரு சாமான் பெட்டி. அதில் தலைப்பு என்பது வெறும் எழுத்துச் சரம் இல்லை. ஆறு தலைப்பும் ஆறு தனித்தனி வகை. முதலில் ஆறுக்கும் பொதுவாக ஒரே தாய் வகையை வைத்தேன். வைத்ததும் வேலை நாறிப்போனது. தாயைக் காட்டி எந்தப் பிள்ளையும் எங்கேயும் நுழைந்தது. அதை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். பிரிவுகளையும் வகைகளாக்கினேன். ஒரு பக்கத்துக்கு ஒன்றாம் தலைப்பு ஒன்றுதான். இரண்டாம் பிரிவு இரண்டாம் தலைப்பை மட்டும் வாங்கும். அதற்குள் மூன்றாம் பிரிவு மட்டும் வரும். ஒன்றுக்கு அடுத்து நாலுக்குக் குதித்தால் பக்கம் உருவாகாது. புரோகிராமைச் சரிபார்க்கிற கம்பைலர் வாசலிலேயே நிறுத்திவிடும். தலைப்பின் படி என்பது நாம் கொடுப்பதில்லை, அது நிற்கிற இடத்திலிருந்து தானாக வருவது. வேண்டுமென்றே பிழையாக எழுதி, கம்பைலர் என்னைத் திட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டைப்பிங் படிக்க வந்த பிள்ளைகள் எனக்குக் கிறுக்கு என்று பேசிக்கொண்டார்கள்.

எங்கள் தோட்டத்தையும் இன்னும் பல தோட்டங்களையும் நடத்தின கொழும்புக் கம்பெனி, ஒவ்வொரு தோட்டத்துக்கும் இணையத்தில் பக்கம் வேண்டும் என்று நினைத்தது அந்த நேரத்தில்தான். வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் தோட்டத்தையும் அங்குள்ள மனிதர்களையும் பார்க்கப் பிரியப்படுகிறார்களாம். முதலில் ஒன்று செய்து பார்க்கலாமென்று எங்கள் தோட்டத்தை எடுத்தார்கள். சென்டர்காரர் எப்படியோ அந்த வேலையைப் பிடித்துவிட்டார். கம்பெனியின் கம்ப்யூட்டர் பகுதியிலிருந்து ஒரு சிங்கள இன்ஜினியர் ரயிலில் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். சென்டர்காரரின் விளக்கங்களைக் காதில் வாங்காமல் நேரே என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, லைப்ரரியைத் திறக்கச் சொன்னார். குதிக்கப் பார்த்தார், கம்பைலர் தடுத்தது. ஏழு கேட்டுப் பார்த்தார், இல்லை என்றது. சிரித்தார். யாரிடம் படித்தாய் என்றார். யாரிடமும் இல்லை என்றேன். போகும்போது சென்டர்காரர் முன்னாலேயே சொன்னார்: இந்தத் தோட்டத்துப் பக்கம் பிரச்சினையில்லாமல் வந்தால் எல்லாத் தோட்டங்களுக்கும் இந்த லைப்ரரிதான், இதைக் கவனிக்க என்னையும் கொழும்புக்கு எடுத்துக்கொள்வார்கள், பயிற்சி புரோகிராமர் வேலை.

அன்றைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு போனது எனக்குத் தெரியவே இல்லை. வீட்டில் சொன்னதும் அம்மா அழுதார். அப்பா, "எல்லாம் கிளாக்கரையாவக் கேட்டுக்கிட்டுச் செய்" என்றார்.

பெரிய கிளாக்கரும் எங்கள் ஆள்தான். அவருடைய தகப்பன் எங்கள் தோட்டத்திலேயே பங்களா அப்பு, தோட்டத்து மேனேஜரான துரைக்குச் சமைத்துப் போட்டவர். பக்கத்தில் என்ன வரவேண்டும் என்று சொல்ல அவர் தோட்டத்து வேனில் சென்டருக்கு வந்தார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, கெஸ்ட் ஹவுஸ் பக்கத்தைப் பார்த்ததாகவும் அதில் எழுத்துக்கு ஆறு சைஸ் இருப்பது தெரியும் என்றும் ஆரம்பித்தார். பிறகு சொல்லிக்கொண்டே போனார், நான் எழுதிக்கொண்டேன். துரையின் பெயர் ஒன்று. சின்னத்துரைமார் இரண்டு. தொழிற்சாலையை நடத்துகிற டீமேக்கரும் தானும் மூன்று. கணக்கப்பிள்ளை நாலு. கங்காணிமார் ஐந்து. அந்த இடத்தில் என்னைப் பார்த்து, அப்பாவும் அதில் வருவார் என்று தலையாட்டினார். நான் ஆறைக் கேட்டேன்.

"ஆறு வேணாம். அத விட்டுரு. அதுக்குங் கீழ சும்மா எழுத்து இருக்குல்ல, அதுல தொழிலாளிங்களப் போடு."

அவர் சொல்லி முடித்ததும்தான் எனக்குப் பிடிபட்டது. அந்த மனிதர் பெரட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் துரை மேலே வராந்தாவில் நிற்பார். படியில் சின்னத்துரை, படிக்குக் கீழே கிளாக்கர், அதற்குக் கீழே கணக்கப்பிள்ளை, தரையில் முன்னால் கங்காணிமார், பின்னால் ஆட்கள். ஆட்களுக்கும் கங்காணிக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், அதில் யாரும் நிற்க மாட்டார்கள். ஆறாம் தலைப்பை அந்த இடைவெளியாக விட்டுவிட்டார். பக்கம் என்றால் அவருக்கு வேறு எந்த ஒழுங்கும் தெரியாது. தெரியாததில் பிழையுமில்லை, எங்கள் எல்லோருக்குமே ஒழுங்கு என்றால் முதலில் கண்ணில் வருவது அந்தக் களம்தான்.

தலைப்பு என்பது ஆளுக்கு இல்லை, விஷயத்துக்கு என்று மெதுவாகச் சொன்னேன். தோட்டம் ஒன்று, தேயிலை இரண்டு, தொழிற்சாலை இரண்டு, மனிதர்கள் இரண்டு, அதற்குள் பெயர்கள் எல்லாம் வரும் என்றேன். அவர் சென்டர்காரரைப் பார்த்தார். சென்டர்காரர், ஐயா சொன்ன மாதிரியே வரும் என்றார். வேன் போன பிறகு நான் சென்டர்காரரிடம் லைப்ரரியைக் காட்டினேன். பெரட்டு ஒழுங்கில் எழுதினால், தோட்டத்தின் பெயர் இருக்கிற பக்கத்தில் துரைக்கு இன்னொரு ஒன்றாம் தலைப்பு வரும், அதைக் கம்பைலர் விடாது, விடாமல் இருப்பதைப் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து வந்தவர் எனக்கு வேலை தருவதாகச் சொன்னார் என்றேன். அவருக்கு அது விளங்கிய மாதிரி தெரியவில்லை. உமக்குச் சரியெண்டு பட்டதைச் செய்யும், ஆனா பிரச்சினை வராமப் பாரும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சரியென்று பட்டதைச் செய்தேன். தொழிற்சாலையின் படத்தை உருளை இயந்திரம் தெரிகிற மாதிரிப் போட்டேன். மனிதர்கள் என்ற பிரிவில் துரையிலிருந்து ஆரம்பித்து எல்லோரையும் ஒரே எழுத்தில் வரிசையாக எழுதினேன். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் அவர் என்ன செய்கிறார் என்று ஒரு வரி. கொழுந்து எடுப்பவர், மருந்தடிப்பவர், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் முன்பக்கத்தையும் கக்கூசையும் கூட்டிக் கழுவுகிற வாசக்கூட்டி, எல்லோரும் இருந்தார்கள். கம்பெனி கேட்டிருந்ததும் அதைத்தான். கம்பைலர் ஒரு முறை கூட முணுமுணுக்கவில்லை.

சிடியில் போட்டு எடுத்துக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். துரை நின்றபடியே பார்த்தார். மலையின் படத்தில் கொஞ்ச நேரம் கண்ணை வைத்தார். நன்றாயிருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். தன் பெயர் எந்தப் பருமனில் இருந்தது என்று அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. வேலை முடிந்தது, கொழும்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு சிடியை எடுக்கப் போனேன்.

பெரிய கிளாக்கர் இருக்கச் சொன்னார். பெல்லை அடித்து, மலையிலிருந்து அப்பாவைக் கூட்டி வர ஆள் அனுப்பினார்.

அப்பா செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஈரக் காலோடு வாசல்படிக்கு உள்ளே ஒரு அடி மட்டும் வந்து நின்றார். கிளாக்கர் திரையைத் திருப்பினார். பக்கம் முழுக்க ஆங்கிலம், அப்பாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. பருமனை வாசிக்க ஆங்கிலம் எதற்கு? கிளாக்கர் பேனாவின் பின்பக்கத்தால் ஒவ்வொரு வரியாகத் தொட்டார்.

"இது தொர. இது நானு. இது நீ. இது யாரு தெரியுமா? வாசக்கூட்டி. நல்லாப் பாரு, ஒம் மக எல்லாத்தையும் ஒரே அளவுல வெட்டியிருக்கா."

அப்பா பார்த்தார். என்னை அல்ல, திரையை. அவர் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன், அது இருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இருந்தது வேறு. கூட்டத்தில் வேட்டி அவிழ்ந்த மனிதனின் முகம்.

"தெரியாமப் பண்ணிருச்சுங்க ஐயா" என்றார்.

தெரிந்துதான் செய்தேன் என்று நான் சொன்னேன். ஆறு தலைப்பையும் விளக்கினேன், பிரிவுக்குள் பிரிவு வருவதை மேசையில் விரலால் வரைந்து காட்டினேன். கிளாக்கர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அப்பாவிடம், நல்லாப் படிக்க வச்சிருக்க என்றார். வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். லயத்துக்குத் திரும்புகிற வளைவில் மட்டும் நின்றார்.

"நான் முப்பது வருசமா மொத வரிசையில நிக்கிறேன். எங்கப்பா பின்னால நின்னு செத்தாரு. நீ என்னயக் கொண்டுபோயி எங்க நிப்பாட்டியிருக்க?"

பக்கத்தில் யாரையும் நிறுத்தவில்லை அப்பா, பெயரை எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் சென்டருக்குப் போனால் சென்டர்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். தோட்டத்திலிருந்து தொலைபேசி வந்திருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எந்த இடத்திலும், எந்தப் படியிலும் போடக்கூடிய ஒரு தலைப்பு வகையை லைப்ரரியில் சேர்க்க வேண்டும். அப்படி ஒன்று வந்தால் மற்ற ஆறும் இருந்து பிரயோசனமில்லை என்றேன். கதவெல்லாம் பூட்டிவிட்டுச் சுவரை இடித்துவிடுகிற மாதிரி என்றேன்.

"உமக்கென்ன விசரே? செய்து குடும் பிள்ளை. கொழும்புக்குப் போனாப் பிறகு ஆறுதலா அழியும், ஆர் கேக்கப்போறான்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்று இன்றைக்கும் பலர் எனக்குச் சொல்கிறார்கள். அன்றைக்கு எனக்குத் தோன்றியது, இன்ஜினியரைக் கேட்டால் முடிந்தது என்பதுதான். அவருக்குத்தான் விளங்கும். விரிவாக மின்னஞ்சல் எழுதினேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. நான் சொல்வது முற்றிலும் சரி என்று எழுதியிருந்தார். முற்றிலும் என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார். தோட்டத்து ஆட்களின் மனதையும் பார்க்க வேண்டியிருப்பதால், ஏழாவதாக ஒரு வகையைத் தானே எழுதிச் சேர்த்துவிட்டதாகவும், லைப்ரரி மிகவும் சிறப்பாக வேலை செய்வதாகவும், எல்லாத் தோட்டங்களுக்கும் அதையே எடுத்துக்கொள்ளப்போவதாகவும் இருந்தது. என் வேலையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. திரும்ப எழுதினேன். அதற்குப் பதில் சென்டர்காரருக்குத்தான் வந்தது. வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். தோட்டத்துப் பிள்ளைக்கு வேலை கொடுப்பதென்றால் அந்தத் தோட்டத்து ஆபீசை ஒரு வார்த்தை கேட்பது கம்பெனியின் வழக்கம், கேட்டதில் திருப்தியான பதில் வரவில்லையாம்.

சென்டர்காரருக்குக் கம்பெனி பேசிய தொகையைக் கொடுத்துவிட்டது. அவர் எனக்கு ஒரு சேலை வாங்கித் தந்தார். மாம்பழ மஞ்சள். நான் சேலை கட்டி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒரு மாதம் போல போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சவரம் செய்து, கோட்டுப் போட்டுக்கொண்டு, தன்னைப் பதுளைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். பக்கம் இணையத்தில் வந்துவிட்டதென்று கிளாக்கர் சொன்னாராம். சென்டரின் சாவி என்னிடம் இருந்தது. லைன் கிடைக்க வெகு நேரமானது. அப்பா கதிரையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பக்கம் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கி வந்தது. துரை ஒன்று, சின்னத்துரைமார் இரண்டு, கிளாக்கர் மூன்று. கங்காணிமார் ஐந்தாம் தலைப்பில், நாலாவதாக அப்பாவின் பெயர். அதற்குக் கீழே தொழிலாளிகள் யாரும் இல்லை. இடமில்லை என்று எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அம்மாவும் இல்லை.

ஐந்தாம் தலைப்பு உண்மையில் சாதாரண எழுத்தைவிடச் சின்னதாகத்தான் தெரியும். எல்லாப் பிரவுசரும் அப்படித்தான் காட்டும். ஆனால் அது தடித்த எழுத்து. அப்பாவுக்கு அது போதுமாயிருந்தது. இதுதானே என்றார். இதுதான் என்றேன். அவர் திரையைத் தொடாமல் அதற்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"கிளாக்கரையா சொன்ன வாக்கக் காப்பாத்திட்டாரு."

என்ன வாக்கு என்று கேட்டேன். மறைக்க வேண்டிய ஒன்றாக அதை அவர் நினைக்கவில்லை. சந்தைக் கதை சொல்வது போலச் சொன்னார். கொழும்பிலிருந்து என்னைப் பற்றிக் கேட்டு வந்தபோது கிளாக்கர் அப்பாவைக் கூப்பிட்டு, புள்ளய அனுப்புறியா என்று கேட்டாராம். அப்பா, நீங்க சொல்றதுதாங்க ஐயா என்றாராம். வாய் நீளமான புள்ள, அங்கே போய்த் தோட்டத்துப் பேரைக் கெடுத்துவிடும், இங்கேயே கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும், உன் பெயரை நான் பழையபடி போடச் செய்கிறேன் என்றாராம். அப்பா சரியென்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"என்னயக் கேட்டிங்களாப்பா?"

"ஒன்னய எதுக்குக் கேக்கணும்? ஒனக்குத்தான் புள்ளக்காம்பரா இருக்கே. வர்ற திங்கக்கெழம வரச் சொல்லியிருக்காரு."

கம்ப்யூட்டரை அணைத்தேன். அப்பா இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமென்று நினைத்திருப்பார், அணைந்த திரையைப் பார்த்துவிட்டு எழுந்தார். கடையில் எனக்கு வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தார். கோபமாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும், அன்றைக்கு முழுக்க அவர் என்னிடம் அவ்வளவு பிரியமாக இருந்தார்.

பசறை பஸ்ஸில் கூட்டமில்லை. எனக்கு ஜன்னலோரம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் கிளம்புகிற நேரத்தில் டீமேக்கர் ஏறி எங்களுக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார். அப்பா சட்டென்று எழுந்தார். டீமேக்கர் திரும்பி ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அப்பா உட்காரவில்லை. சீட்டுகள் காலியாகவே இருந்தன. கோட்டுப் போட்ட அந்த மனிதர் ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டு வந்தார். இரண்டு தரம் என்னைப் பார்த்து, எழுந்திரு என்று கண்ணால் காட்டினார்.

நான் எழுந்திருக்கவில்லை. டீமேக்கரின் பிடரியையே பார்த்துக்கொண்டு தோட்டம் வரைக்கும் உட்கார்ந்து வந்தேன். அப்பா அங்கே இறங்கிய பிறகுதான் பேசினார், அதுவும் டீமேக்கரிடம், எனக்காக மன்னிப்புக் கேட்டு.